ஆள் இல்லாத நேரத்து ஆலா

அலைமட்ட நிலையம் 4, மன்னார் வளைகுடா
2071

மே 9, காலை 6:10

கடல் மட்டம் வழக்கத்தைவிட ஒன்பது சென்டிமீட்டர் மேலே. காற்று மிதம். பேட்டரி 81. குடிநீர் போதும்.

எதுவும் தெரியாத ஒருவர் கையில் இந்தப் பதிவு கிடைக்கும் என்று நினைத்து எழுத வேண்டும் என்பது நிலைய விதி. ஆகவே: நான் ஜெசிந்தா. இருபத்தேழு வயது. தீவுகள் மூழ்கிய பிறகு மிஞ்சிய மணல்திட்டு ஒன்றில், இரும்புக் கால்களின் மேல் நிற்கும் ஓர் அறையில் இருக்கிறேன். கடல் எவ்வளவு ஏறுகிறது என்று அளப்பது வேலை. ஏறுகிறது.

கீழே மணலில் பதினொரு கூடுகள். கூடு என்பது மரியாதைக்குச் சொல்வது. காலால் கிளறிய ஒரு குழி, அதில் மணல் நிறத்தில் இரண்டு முட்டை. சின்ன ஆலா. உள்ளங்கையில் அடங்கும் கடற்பறவை. வெள்ளை உடம்பு, மஞ்சள் அலகு, கறுப்பு உச்சி. எங்கள் அட்டவணைப்படி இந்த வளைகுடாவில் இவை முட்டையிடும் இடம் வேறு இல்லை.

எண்ணலாம். தொடக் கூடாது. கைபடாமைச் சட்டம்.

போன மாதம் என் அடையாள அட்டையில் முகவரியை மாற்றி அனுப்பியிருந்தார்கள். வசிப்பிடம்: அலைமட்ட நிலையம் 4. ஆக, இது வீடு. எந்த வீட்டிலும் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்தவள் இல்லை நான். இங்கே நடக்கப் பதினான்கு அடி. சுவர். திரும்ப வேண்டும்.

மே 12, மாலை 4:40

கிழக்கே காற்றழுத்தத் தாழ்வு. அதோடு ஓதம். கடல் மட்டம் அறுபது சென்டிமீட்டர் மேலே, இன்னும் ஏறுகிறது. கடலோரக் கூடுகள் நான்கு போய்விட்டன. ஆலாக்கள் எழுந்து கத்துகின்றன. இறங்குகின்றன. எழுகின்றன.

வயர்லெஸ்ஸில் வனச்சரகரைக் கூப்பிட்டேன். மாரிச்செல்வம். பேசுவதை எல்லாம் நிலையமே எழுத்தாக்கிப் பதிவில் சேர்த்துவிடும். கீழே இருப்பது அப்படியே.

வனச்சரகர்: எடுக்கக் கூடாது மேடம்.
நான்: இன்னும் ஒரு மணி நேரத்துல எல்லாம் முங்கிரும் சார்.
வனச்சரகர்: தண்ணி எடுத்துட்டுப் போனா அது இயற்கை. நீங்க எடுத்தா அது வேட்டை.
நான்: ரெண்டும் அதே முட்டைதான சார்.
வனச்சரகர்: முட்டைக்குச் சட்டம் கிடையாது மேடம். கைக்குத்தான் சட்டம். வேணும்னா மேல எழுதிக் கேளுங்க. பதினஞ்சு வேலை நாள்ல பதில் வரும்.
நான்: தண்ணிகிட்ட சொல்லிருதேன் சார்.
வனச்சரகர்: கோவப்படாதீங்க. நான் உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் எரிச்சல்.

மே 12, மாலை 6:05

எடுத்துவிட்டேன்.

கடைசிக் கூடு. தாய் எழுந்து போன பிறகு. முழங்கால் வரை தண்ணீர். இரண்டு முட்டை. சட்டைக்குள், வயிற்றோடு சேர்த்து. ஏணி ஏறும்போது ஒரு கை போதவில்லை, பல்லால் கயிற்றைப் பிடித்தேன்.

சட்டத்தை இப்போதுதான் முழுதாகப் படிக்கிறேன். வெளியே வைத்துத் தொட்டால் தொந்தரவு. அபராதம். வசிப்பிடத்துக்குள் கொண்டுவந்தால் வேட்டை. மூன்று வருடம் முதல் ஏழு வருடம் வரை. பணி உரிமம் வாழ்நாளுக்கும் ரத்து. பொரிக்க வைக்கும் நோக்கமும் விதிவிலக்கு இல்லை என்று தனியாக எழுதியிருக்கிறார்கள். யாரோ எனக்கு முன்பே அதைச் சொல்லித் தப்பிக்கப் பார்த்திருக்க வேண்டும்.

முகவரி மாறாமல் இருந்திருந்தால் வெறும் தொந்தரவு.

நிலையத்தில் ஓர் இன்குபேட்டர் உண்டு. கடல்நீரில் கிருமி வளர்த்துப் பார்ப்பதற்கு. கண்ணாடித் தட்டுகளை வெளியே எடுத்தேன். மணல் போட்டேன். முப்பத்தேழரை டிகிரி. ஈரப் பஞ்சு ஒன்று, ஓட்டுக்குள் உலராமல் இருக்க.

இந்தப் பதிவு மாதக் கடைசியில்தான் கரைக்குப் போகும். அதுவரை இது எனக்கும் உங்களுக்கும் மட்டும்.

மே 13, காலை 7:30

பேட்டரி 52. வானம் மூடிக் கிடக்கிறது, சூரியத் தகடுகளில் ஒன்றுமில்லை. இன்குபேட்டர் மின்சாரத்தைக் குடிக்கிறது. குளிர்பெட்டியை அணைத்தேன். விளக்கை அணைத்தேன்.

கரையில் வயர்லெஸ் பார்ப்பவர் சேசுராஜன் அண்ணாச்சி. தூத்துக்குடிக்காரர். காலையில் நான் சாப்பிட்டேனா என்று கேட்பது அவர் வேலையில் இல்லை. கேட்பார்.

அண்ணாச்சி: ஏ பிள்ள, பேட்டரி என்ன இப்படி எறங்குது. ஏசி கீசி மாட்டிட்டியா?
நான்: தண்ணி டெஸ்ட் அண்ணாச்சி. சூடா வைக்கணும்.
அண்ணாச்சி: என்னத்துக்கு சூடு? எங்க வீட்டுல கோழி உக்காந்தா இருபத்தோரு நாளு எந்திரிக்காது. நீ பேசுத மாதிரியே இருக்கும் அதுக்க சத்தம், கிட்ட போனா.
நான்: நான் கோழின்னு சொன்னனா?
அண்ணாச்சி: நான் சொன்னேன்லா. நீ ஒண்ணும் சொல்லல. நான் ஒண்ணும் கேக்கல. தவிட்டுல வச்சிருக்கியா?
நான்: மணல்ல.
அண்ணாச்சி: அப்ப சரி. ரெண்டு பொழுதும் திருப்பி விடு.

இரண்டு பொழுது போதாது. ஒற்றைப்படையில் திருப்ப வேண்டும், ஐந்து அல்லது ஏழு தடவை. அப்போதுதான் இரவில் நீளமாகக் கிடக்கும் பக்கம் நாளுக்கு நாள் மாறும். இல்லாவிட்டால் கரு ஓட்டில் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் ஒரு பக்கம் புள்ளி, மறு பக்கம் கோடு.

ஏழு தடவை எழ ஒரு காரணம் கிடைத்திருக்கிறது.

மே 15, பகல் 11:20

முட்டைக்குப் பின்னால் டார்ச் பிடித்துப் பார்த்தேன். இரண்டிலும் சிவப்பு நரம்புகள். இரண்டிலும் ஒரு துடிப்பு. பார்த்துக்கொண்டே நின்றதில் ஓடு சுட்டுவிடும் என்று பயந்து அணைத்தேன். மறுபடி பார்த்தேன்.

கணக்கெடுப்பு ட்ரோன் வந்தது. முட்டைகளை வெப்பத்தால் எண்ணுவது. திட்டைச் சுற்றிப் பறந்தது. அங்கே எண்ண எதுவும் இல்லை. என் சன்னலுக்கு நேராக நின்றது. திரையில் செய்தி:

"கூடுகள்: 0. வசிப்பிடத்தின் உள்ளே இரண்டு வெப்பப் புள்ளிகள். விளக்கம் தரவும்."

"நீர் மாதிரிகள்" என்று பதில் அடித்தேன்.

"பெறப்பட்டது. சரகருக்கு அனுப்பப்படுகிறது."

போய்விட்டது. பதில் அடித்த கையால் முட்டைகளைத் திருப்பினேன். புள்ளி, கோடு.

மே 17, மாலை 5:15

படித்ததில் ஒன்று: ஓட்டுக்குள் இருக்கும்போதே குஞ்சு கேட்கிறது. தாயின் குரலைக் கேட்டுப் பழகுகிறது. கேட்காமல் பொரித்தால் முதலில் காணும் எதையும் தாய் என்று நினைத்துக்கொள்ளும். இந்த அறையில் முதலில் காணக் கிடைப்பது நான்தான். என்னை நம்பும் ஆலாவால் மீன் பிடிக்க முடியாது. கூட்டத்தோடு போக முடியாது. வெறும் உயிர்.

நிலையக் காப்பகத்தில் சின்ன ஆலாவின் குரல்கள் இருக்கின்றன. திட்டில் ஓர் ஒலிப்பொறி பல வருடங்களாகத் தானே பதிந்து தானே வகைபிரித்துச் சேமித்தவை. முப்பத்தெட்டு துண்டுகள். இன்குபேட்டர் கதவருகே ஸ்பீக்கரை வைத்து மெதுவாக ஓடவிட்டேன்.

டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன். அதுவரை உள்ளே புரண்டுகொண்டிருந்தவை குரல் கேட்டதும் அசைவதை நிறுத்தின.

அடங்கிவிட்டன. தாய் வந்துவிட்டாள் என்று நினைத்திருக்கும்.

எனக்கும் கொஞ்சம் அடங்கியது. உட்கார்ந்திருந்தேன். வெகுநேரம்.

மே 20, காலை 8:00

ஒவ்வொரு தடவை திருப்பும்போதும் குரல்களை ஓடவிடுகிறேன். ஒவ்வொரு தடவையும் அமைதி.

ஒரு முட்டையில் அந்த அமைதி நீங்கவில்லை. டார்ச்சில் பார்த்தால் நரம்பு இல்லை. கறுப்பாக ஒரு வளையம். ஈரம் கூடியதா, குறைந்ததா, முன்தினம் மின்சாரம் தடைப்பட்டபோதா, தெரியாது.

கடலில் விடவில்லை. மேசையில் வைத்திருக்கிறேன். அதை இங்கிருந்து அகற்றுவதும் ஒரு குற்றம், தனிப் பிரிவில். ஆதாரத்தை அழித்தல்.

பேட்டரி 38. சமைப்பதை நிறுத்தினேன். அவலும் சர்க்கரையும்.

மே 22, மதியம் 2:10

திருப்புவதை நிறுத்திவிட்டேன். கடைசி நாட்களில் திருப்பக் கூடாது. ஓரிடத்தில் நிற்கவும் முடியவில்லை. பதினான்கு அடி, சுவர், பதினான்கு அடி.

வனச்சரகர்: மேடம், உங்க ரூமுக்குள்ள ரெண்டு வெப்பப் புள்ளின்னு வந்திருந்துச்சு. இப்ப ஒண்ணுன்னு காட்டுது.
நான்: ஒரு மாதிரி கெட்டுப்போச்சு சார்.
வனச்சரகர்: தண்ணி கெட்டுப்போகுமா?
நான்: போகும்.
வனச்சரகர்: மேடம். ஞாயித்துக்கெழம ஆய்வுக்கு வரேன். எனக்கு உத்தரவு. அதுக்குள்ள கெட்டுப்போகாத மாதிரி எதாவது இருந்தா நீங்களே சொல்லிடுங்க. நானா கண்டுபிடிச்சா அது வேற மாதிரி.

ஞாயிறு என்றால் இருபத்து நான்கு.

மே 23, காலை 6:30

ஓட்டில் ஒரு நட்சத்திரக் கீறல். உள்ளிருந்து தட்டுகிறது. என் விரல்நுனியில் தெரிந்தது.

குரல்களை ஓடவிட்டேன். தட்டுவது நின்றது. நிறுத்தினேன். சிறிது நேரம் கழித்துத் தட்டியது. ஓடவிட்டேன். நின்றது.

களைத்திருக்கும்.

மே 23, மாலை 3:50

பொரித்துவிட்டது.

உதவக் கூடாது என்று எல்லா நூலிலும் போட்டிருக்கிறது. கையைக் காலுக்கடியில் வைத்து உட்கார்ந்திருந்தேன். ஓடு வளையமாக வெட்டுப்பட்டு, ஒரு ஈரமான சாம்பல் நிறம் வெளியே விழுந்தது. எடை ஆறு கிராம். கடிதம் வைத்த அஞ்சல் உறையைவிடக் குறைவு.

காய்ந்து பஞ்சாகிவிட்டது. கண் திறந்திருக்கிறது. நான் துணியால் முகத்தை மூடியிருக்கிறேன். என்னைக் கற்றுக்கொள்ள வேண்டாம்.

மே 23, மாலை 5:45

சாப்பிடவில்லை.

ஆலாக் குஞ்சு பொரித்த சில மணி நேரத்தில் வாயைப் பிளந்து கத்தும். கத்தினால்தான் தாய் மீனைத் தரும். இது கத்தவில்லை. இடுக்கியில் நெத்திலித் துண்டைக் காட்டினேன். மணலோடு மணலாக ஒட்டிக்கொண்டது. அலகை இறுக்கிக்கொண்டது.

தாயின் குரலை ஓடவிட்டேன். அப்போதுதான் பார்த்தேன், முழுதாக, ஓடு நடுவில் இல்லாமல்.

அமைதி இல்லை அது. கழுத்தைத் தரையில் நீட்டி, கண்ணை மூடி, மூச்சைக்கூட அடக்கி.

ஒளிகிறது.

மே 23, மாலை 6:20

முப்பத்தெட்டுத் துண்டுகளையும் சத்தம் கூட்டிக் கேட்டேன். ஆலாவை விட்டுவிட்டு, அதன் பின்னால் இருப்பதைக் கேட்டேன்.

படகு இயந்திரம். மணலில் காலடி. யாரோ இருமுகிறார்கள். ட்ரோன். எனக்கு முன் இங்கே இருந்தவர் "இங்க மூணு" என்கிறார். மறுபடி காலடி. ஒரு துண்டில் நான், தும்முகிறேன்.

முப்பத்தெட்டும் அபாயக் குரல்.

ஒலிப்பொறியின் அமைப்பைத் திறந்து பார்த்தேன். இரண்டு விதிகள். ஒன்று: மெல்லிய ஒலியைப் பதியாதே, பேட்டரி வீண். இரண்டு: காப்பகத்தில் உள்ள எதனோடும் ஒப்பு இல்லாத ஒலியை வைத்திருக்காதே, அது இரைச்சல். ஆகவே சத்தமாகக் கத்தியது மட்டும் சேர்ந்தது. சேர்ந்ததைப் போன்றது மட்டும் மேலும் சேர்ந்தது. யாரும் இல்லாதபோது, மீனோடு இறங்கி, குஞ்சிடம் ஆலா என்ன சொல்லும் என்பது எங்களிடம் இல்லை. பல வருடம். ஒரு துண்டுகூட இல்லை. எங்களிடம் இருப்பதெல்லாம் எங்களைக் கண்டு பயந்தவை.

அதைத்தான் நான் ஏழு தடவை. தினமும். ஓட்டுக்குள். வாயைத் திறக்காதே, கொல்ல வருகிறார்கள். ஏழு தடவை.

பிறக்கும் முன்பே என்னைக் கற்றுக்கொண்டுவிட்டது. முகத்தை மூடியிருந்த துணியை எடுத்தேன்.

மே 23, மாலை 6:50

அண்ணாச்சி: அழுதியா?
நான்: இல்ல. கோழி பொரிச்சிருச்சு அண்ணாச்சி. தீவனம் எடுக்க மாட்டேங்குது.
அண்ணாச்சி: தாய்க்கோழி கொத்திக் காமிச்சாத்தான் எடுக்கும். தனியா விட்டா தெகைச்சுப் போயி நிக்கும்.
நான்: தாய்க்கோழிக்கு எங்க போக?
அண்ணாச்சி: மீனுக்குப் போன ரொசாரியோ போட்டுல நேத்து சொல்லிட்டிருந்தானுவ. கெழக்குத் திட்டுல ரெண்டு சோடி உக்காந்திருக்காம். அந்தத் திட்டு கொஞ்சம் மேடுல்லா. வெள்ளம் ஏறல. கோழிதான்னு சொன்னானுவளா என்னன்னு நான் கேக்கல.

அட்டவணையில் அந்தத் திட்டு இல்லை. மூழ்கிவிட்டதாகக் குறித்திருந்தோம்.

படகில் ஒரு மணி நேரம். பொரித்து இரண்டு நாளுக்குள் என்றால், முட்டையோடு உட்கார்ந்திருக்கும் ஆலா வேறு குஞ்சை ஏற்றுக்கொள்ளும். அதற்குள் அவை குஞ்சின் குரலை அடையாளம் வைத்துக்கொள்வதில்லை. ஆனால் குஞ்சு கத்த வேண்டும். கத்தாத குஞ்சு அவற்றுக்குக் கல்.

வயிற்றில் மஞ்சள் கரு மிச்சம் இருக்கிறது. நாளை வரை தாங்கும்.

மே 24, காலை 4:55

கத்தவில்லை. உயிர் இருக்கிறது.

வனச்சரகரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். முட்டை, இன்குபேட்டர், குரல்கள்.

வனச்சரகர்: தொடாதீங்க. நான் கெளம்பிட்டேன். ஏழு, ஏழேகாலுக்கு அங்க இருப்பேன்.
நான்: வந்து?
வனச்சரகர்: மறுவாழ்வு மையத்துக்குக் கொண்டுபோவோம். கூண்டு, டாக்டர் எல்லாம் இருக்கு.
நான்: அங்க மனுசங்க இருப்பாங்க சார். மனுச வாடை இருந்தா இது வாயத் தெறக்காது. மதியத்துக்குள்ள செத்துரும். கிழக்குத் திட்டுல கொண்டு வைக்கேன்.
வனச்சரகர்: மேடம், கேளுங்க. குஞ்ச காட்டுல மறுபடி சேத்ததுக்கு ஆதாரம் இருந்தா நீதிமன்றத்துல நான் பேச முடியும். பிரிவு இருக்கு. மணல்ல வச்சு போட்டோ எடுத்தா ஆகாது. ஒரு ஆலா ஏத்துக்கிட்டதுக்கு ஆதாரம். இல்லன்னா நீங்க எடுத்தது மட்டும்தான் பதிவுல நிக்கும். எடுத்தீங்க, செத்துது. ஏழு வருசம்.
நான்: நான் பக்கத்துல நின்னா ஆலா எறங்காது. ஆள் பாத்தா ஆதாரம் இல்ல, ஆதாரம் வேணும்னா ஆள் இருக்கக் கூடாது.
வனச்சரகர்: அதுக்கு நான் என்ன செய்ய. நீங்க எடுக்காம இருந்திருக்கலாம்.
நான்: ஆமா.

ஒரு டப்பா தேட எழுந்தேன்.

மே 24, காலை 5:30

ஒலிப்பொறியைக் கழற்றி எடுத்துக்கொண்டேன். அதைக் குழியருகே வைத்துவிட்டு வந்துவிடுவேன். அது ஆள் இல்லை.

முதல் விதியை மாற்றிவிட்டேன். எவ்வளவு மெல்லிய ஒலியானாலும் பதியும். இப்படி ஓடினால் அதன் பேட்டரி மூன்று மணி நேரம்கூட வராது. இரண்டாவது விதியை மாற்றக் கரையின் கடவுச்சொல் வேண்டும்.

அண்ணாச்சி: ஆபீசு பத்து மணிக்குத்தான் தெறப்பாவ பிள்ள. அதுவும் ஞாயித்துக்கெழம. கடவுச்சொல் வச்சிருக்க சார் வீட்டுக்கே போறேன். எழுப்புதேன்.
நான்: பூசைக்குப் போக வேண்டாமா?
அண்ணாச்சி: அவரயும் கூட்டிட்டுப் போறேன்.

குஞ்சு ஈரத்துணி சுற்றிய டப்பாவில், சட்டைக்குள். எடுத்த அதே இடத்தில்.

மே 24, காலை 6:25, படகிலிருந்து, குரல் வழி

திட்டு தெரியுது. தெரிகிறது. இரண்டு வெள்ளைப் புள்ளி. ஒன்று எழுந்துவிட்டது. கத்துகிறது. அதே குரல், முப்பத்தெட்டுத் தடவை கேட்ட

டப்பாவுக்குள் ஒடுங்குகிறது. தெரிகிறது எனக்கு, வயிற்றில்.

அலை. பிடித்துக்கொள்ள

இதைக் கண்டெடுப்பவருக்கு. நான் வேட்டையாடவில்லை என்று எழுத நினைத்தேன். எழுத மாட்டேன். எடுத்தேன். எடுத்து, பயத்தைச் சொல்லிக்கொடுத்தேன். இனி சொல்லிக்கொடுக்க வேண்டியது அதோ அந்த

இறங்குகிறேன். இனி எதுவும் பேசக் கூடாது.

மே 24, காலை 6:41, தானியங்கிப் பதிவு

ஒலி: ஆலா. வகை: அபாயக் குரல். அருகில் மனிதர்: ஒருவர். சேமிக்கப்பட்டது.

6:44
ஒலி: மனிதக் குரல், தாழ்ந்தது. எழுத்தாக்கம்: "போறேன். இன்னா போயிட்டேன். எறங்கு."

6:49
ஒலி: படகு இயந்திரம். விலகுகிறது.

6:53
ஒலி: ஆலா. வகை: அபாயக் குரல். அருகில் மனிதர்: இல்லை. சேமிக்கப்பட்டது.

7:08
நிலைய வயர்லெஸ். வனச்சரகர்: "மேடம், உங்க ரூமுல இருக்கேன். மேசைல ஒரு முட்டை இருக்கு. எங்க இருக்கீங்க? பதில் சொல்லுங்க."
பதில் இல்லை.

7:26
ஒலி: சிறகு. இறங்குதல்.

7:27
ஒலி: மிக மெல்லியது. மூலம்: ஒன்று, தரை மட்டம். காப்பகத்தில் ஒப்பு இல்லை. இரைச்சல். நீக்கப்பட்டது.

7:31
ஒலி: மிக மெல்லியது. மூலங்கள்: இரண்டு, அருகருகே. ஒன்று பெரியது, ஒன்று மிகச் சிறியது. காப்பகத்தில் ஒப்பு இல்லை. இரைச்சல். நீக்கப்பட்டது.

7:31
ஒலி: மூலங்கள் இரண்டு, மாறி மாறி. ஒப்பு இல்லை. இரைச்சல். நீக்கப்பட்டது.

7:32
அதே ஒலி. உரக்க. நீக்கப்பட்டது.

7:32
அதே ஒலி. நீக்கப்பட்டது.

7:40
நிலைய வயர்லெஸ். கரை: "ஏ பிள்ள, கடவுச்சொல் கெடச்சிட்டு. எழுதிக்கிடுதியா? பிள்ள?"
பதில் இல்லை.

7:58
ஒலிப்பொறி பேட்டரி முடிகிறது. இறுதி அறிக்கை.
சேமிக்கப்பட்ட ஆலா ஒலிகள்: இரண்டு. இரண்டும் அபாயக் குரல்.
வேறு எதுவும் நிகழவில்லை.